திண்ணை உயரமும் மலை உயரமும்

அன்புள்ள ஐயா,

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுகளுக்கு வெள்ளி முலாம் பூசும் சிறிய பட்டறை வைத்திருக்கிறோம். வேலை நடக்கும்போது தொட்டியின் மீட்டர் பத்து ஆம்பியர் காட்டும். ஒருநாள் தொட்டியின் இரண்டு கம்பிகளிலும் ஒரே நேரத்தில் கை பட்டுவிட்டது, ஒன்றுமே தெரியவில்லை. வீட்டிலோ, அரை ஆம்பியர்கூட இழுக்காத டியூப்லைட்டின் வயர் என்னைத் தூக்கி எறிந்திருக்கிறது. 'வோல்ட் கொல்லாது, ஆம்பியர்தான் கொல்லும்' என்கிறார் எலக்ட்ரீஷியன். அப்படியானால் நான் பட்டறையிலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டாமா?

ம., சேலம்

அன்புள்ள ம.,

எலக்ட்ரீஷியன் சொன்னது பாதி சரி. கொல்வது ஆம்பியர்தான். ஆனால் அது உங்கள் உடம்பின் வழியாக ஓடும் ஆம்பியர். மீட்டர் காட்டிய பத்தும் கரைசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

நமக்கு எல்லாமே கரண்ட்தான். கரண்ட் போய்விட்டது, கரண்ட் அடித்தது, கரண்ட் பில். பள்ளிப் புத்தகம் மின்னூட்டம், மின்னழுத்தம், மின்னோட்டம் என்று பிரித்துத்தான் கொடுத்தது. மூன்றும் 'மின்' என்றே தொடங்குவதாலோ என்னவோ, பரீட்சை முடிந்த மறுநாளே ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

மின்னூட்டத்தைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் வசதி உங்கள் தொழிலுக்கு உண்டு. கரைசலிலிருந்து கொலுசில் வந்து படியும் ஒவ்வொரு வெள்ளி அணுவுக்கும் ஓர் எலக்ட்ரான் செலவு. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் நான்கு கிராமுக்குச் சற்று மேல் வெள்ளி ஏறும். உங்கள் பத்து ஆம்பியருக்கு நாற்பது கிராம். ஏறிய எடை, கடந்துபோன மின்னூட்டத்தின் கணக்கு. அது நொடிக்கு எவ்வளவு கடக்கிறது என்பதே மின்னோட்டம். 1893-ல் சிகாகோவில் கூடிய மின்னியல் மாநாடு ஆம்பியருக்கு அளவு வகுத்ததும் வெள்ளியை வைத்துத்தான்: வெள்ளி நைட்ரேட் கரைசலிலிருந்து நொடிக்கு 0.001118 கிராம் வெள்ளியைப் படியவைக்கும் மின்னோட்டம் ஒரு ஆம்பியர். செவ்வாய்ப்பேட்டைக்காரர்கள் இதற்காகக் கொஞ்சம் கர்வப்படலாம்.

வோல்ட், அதாவது மின்னழுத்தம், வேறு சங்கதி. அது ஓடாது. இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கும் உயர வித்தியாசம் போன்றது அது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் என்பார்கள். சேலத்திலிருந்து கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் திரும்பி ஏறும் பஸ்ஸுக்கு அந்தக் கணக்கு எதற்கு? அது ஏறவேண்டியது ஏறத்தாழ 1,200 மீட்டர்தான். மின்கம்பியில் காகம் சும்மா உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். அதன் இரண்டு கால்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றன.

உங்கள் தொட்டிக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே இருப்பது திண்ணை உயரம், இரண்டு வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வயருக்கும் நீங்கள் நின்ற தரைக்கும் நடுவே 230 வோல்ட். ஈரக் கையோடு உடம்பின் மின்தடை 2,000 ஓம் என்றால் தொட்டி உங்களுக்குள் அனுப்பக்கூடியது ஒரு மில்லிஆம்பியர். வீட்டு வயர் அனுப்புவது 115 மில்லிஆம்பியர். உயிருக்கு அது போதும். வீடுகளில் பொருத்தும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச், 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைத்திருப்பது அதனால்தான். டியூப்லைட் எவ்வளவு இழுக்கிறது என்பதற்கும் உங்களுக்குள் எவ்வளவு பாயும் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, இதைப் படித்துவிட்டுத் தொட்டியில் தைரியமாகக் கை வைத்துவிடாதீர்கள். வெள்ளி முலாம் கரைசலில் பெரும்பாலும் சயனைடு இருக்கும். இரண்டு வோல்ட்டை மன்னித்துவிடலாம், அதை முடியாது. இன்னொன்று, தொட்டிக்கு மின்சாரம் தரும் ரெக்டிஃபயர் பெட்டி. அதன் முன்பக்கம்தான் திண்ணை. பின்பக்கம் சுவரிலிருந்து வரும் வயரில் அதே 230 வோல்ட் இருக்கிறது. அந்த வயரின் உறை எங்காவது உரிந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு.