பிரிஸ்டல் காரும் விளம்பரமும்

கேள்வி: கையால் கார் செய்துவந்த இங்கிலாந்தின் பிரிஸ்டல் நிறுவனம், விளம்பரத்தில் அக்கறை காட்டாததால்தானே அழிந்தது?

பதில்: விளம்பரம்தான் ஒரு நிறுவனத்தை வாழவைக்கிறது என்ற நம்பிக்கையை இந்தப் பக்கத்தில் பலமுறை மறுத்திருக்கிறேன், பிரிஸ்டல் விஷயத்தில் இன்னும் அழுத்தமாக மறுக்கிறேன். நான்கு சக்கர இயக்கமும், பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாத அமைப்பும் கொண்ட காரை 1966இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்து உலகின் பேச்சாக இருந்த ஜென்சன் நிறுவனம், பத்தே ஆண்டுகளில் மூடப்பட்டது. சினிமாவால் ஊரெல்லாம் அறிந்த ஆஸ்டன் மார்ட்டின் கார் நிறுவனத்தை அதன் உரிமையாளர் டேவிட் பிரவுன் 1972இல் கடனையெல்லாம் தாமே அடைத்துக் கைமாற்ற வேண்டியிருந்தது. பிரிஸ்டலோ, 1946இல் தன் முதல் காரை உருவாக்கி, 2011 வரை தாக்குப்பிடித்தது.

அதற்குக் காரணம் வேலைத்திறன். போர் முடிந்து விமான ஆர்டர்கள் வற்றியபோது, தன் ஃபில்டன் ஆலையின் தேர்ந்த தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்கவே, விமானம் செய்துவந்த பிரிஸ்டல் நிறுவனம் கார் செய்ய முன்வந்தது. போருக்கு முந்தைய பி.எம்.டபிள்யூ வடிவமைப்புகளைத் தழுவித்தான் அதன் முதல் கார் பிறந்தது என்பது உண்மை. ஆனால் 1948இல் வந்த ‘401’ என்ற காரைப் பாருங்கள்: மெல்லிய எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்திய அந்தக் காரில், எஞ்சினைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் சாய்ந்து நிற்பார் என்பதற்காக, முன்சக்கரங்களுக்கு மேலுள்ள தகட்டை மட்டும் கனமாக வைத்தார்கள். பின்னர் வந்த கார்களில் உபரிச் சக்கரத்தை இடப்பக்க முன்சக்கரத்துக்குப் பின்னாலும், பேட்டரியை வலப்பக்கத்திலும் தனி மூடிக்குள் அடக்கி, டிக்கியை முழுவதும் பெட்டிகளுக்கே விட்டார்கள். நெடும்பயணம் போகிறவனை மனத்தில் வைத்துச் செய்த கார் அது.

1961இல் சொந்த எஞ்சினைக் கைவிட்டு அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனத்திடம் எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சினை வாங்கிப் பொருத்தியதை இன்றும் சிலர் குறை சொல்கிறார்கள். கனத்துவிட்ட காருக்குப் பழைய 2.2 லிட்டர் எஞ்சின் போதவில்லை. புதியதை உருவாக்கும் செலவு சிறிய நிறுவனத்தை அப்போதே மூழ்கடித்திருக்கும். ஆகவே அது சரியான முடிவு.

உரிமையாளர் டோனி குரூக், லண்டன் கென்சிங்டனில் இருந்த ஒரே கடையில் தாமே விற்றார். பத்திரிகையாளர்களுக்குச் சோதனை ஓட்டத்துக்குக் கார் தருவதில் அவருக்கு விருப்பமே இல்லை. நிறுவனம் இரவல் தரும் காரை ஓட்டிவிட்டு எழுதுகிற மதிப்புரைகளில் எனக்கும் நம்பிக்கை இல்லை என்பதால், இதில் நான் அவர் பக்கம்.

அவரது பிழை வேறிடத்தில் இருந்தது. 1940களின் அடிச்சட்டத்தையே திருத்தித் திருத்தி அரை நூற்றாண்டுக்கு மேல் ஓட்டினார்கள். முற்றிலும் புதிய வடிவமைப்பான ஃபைட்டர் என்ற கார் வந்தபோது 2004 ஆகிவிட்டது. அதன் செலவை ஈடுகட்டும் அளவுக்கு வாங்குவோர் அப்போது மிஞ்சியிருக்கவில்லை.