பச்சை பூத்த பேட்டரி அறை

கேள்வி: அப்பாவின் பென்டாக்ஸ் கே1000 பிலிம் கேமரா பல வருடங்களாகப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அடிப்பக்கத்து பேட்டரி மூடியைத் திறந்தால், உள்ளே வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறது. சமையல் சோடாவைக் குழைத்துத் தடவினால் போய்விடும் என்கிறார்கள். தடவலாமா?

பதில்: வேண்டாம். பேட்டரி என்றாலே அமிலம் என்ற எண்ணம் கார் பேட்டரியைப் பார்த்து வந்தது. இந்தக் கேமராவில் பெரும்பாலும் போடுவது எல்ஆர்44 என்ற அல்கலைன் பொத்தான் பேட்டரி. அதிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து அது வெள்ளைப் பொடியாகப் படிகிறது. பச்சையாகத் தெரிவது, பித்தளையில் ஏறிய களிம்பு. காரத்தின் மேல் இன்னொரு காரத்தைத் தடவி என்ன பயன்? இதற்கு வேண்டியது மெல்லிய அமிலம். வெள்ளை வினிகர் போதும். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும்தான். ஆனால் பிசுக்கு விடும் என்பதால் நான் தொடுவதில்லை.

கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, உதிர்கிற பொடியை மரக்குச்சியால் முதலில் தட்டி எடுத்துவிடுங்கள். வாயால் ஊத வேண்டாம்; பொடி கண்ணுக்குத்தான் வரும். பிறகு பஞ்சுக் குச்சியை வினிகரில் நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடையுங்கள். பேட்டரி அறையின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கேமராவைப் பிடித்துக்கொண்டு துடைப்பது முக்கியம். வினிகர் சொட்டு உள்ளே இறங்கினால் புது வைத்தியம் தேட வேண்டியிருக்கும். வெள்ளைப் படிவு இலேசாக நுரைக்கும். குச்சியை மாற்றி மாற்றித் துடைத்து, நுரைப்பது நின்றதும் நிறுத்துங்கள். உடனே தண்ணீரில் நனைத்துப் பிழிந்த குச்சியால் ஒருமுறை, அடர்த்தியான ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்து உலர விடுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால், களிம்பை எடுக்க வந்த வினிகரே பித்தளையில் புதுக் களிம்பை ஏற்றிவிடும்.

மூடியின் மரையையும் விடாதீர்கள். அங்கே ஒட்டியிருக்கும் துகள்தான் அடுத்த முறை மூடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தகட்டில் மிஞ்சும் கறையைப் பென்சில் அழிப்பான் எடுத்துவிடும். உப்புத்தாளை எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தகட்டின் மேல்பூச்சு போனால் அடுத்த களிம்புக்கு வாசலைத் திறந்து வைத்ததுபோல்தான்.

கேள்வி: பேட்டரி அறை இப்போது பளிச்சென்று இருக்கிறது. புது பேட்டரியும் போட்டாயிற்று. ஆனாலும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை. ஏன்?

பதில்: கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சுத்தம் செய்திருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் நிறுத்திவிடும் இடமும் இதுதான். அந்தக் காரம் ஊர்ந்து போகும். தகட்டில் பற்றவைத்த மெல்லிய கம்பியின் உறைக்குள்ளேயே புகுந்து, செம்பைக் கறுக்கடித்துக்கொண்டு மேலே ஏறும். வெளியே உறை புத்தம் புதிதாகத் தெரியும். உரித்தால் உள்ளே கரி போல் இருக்கும்.

அடித்தகட்டைக் கழற்றி, பேட்டரித் தகட்டிலிருந்து கம்பியின் மறுமுனை வரை மல்டிமீட்டரில் மின்தடை பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். எண் எகிறினாலோ தாவிக்கொண்டே இருந்தாலோ கம்பி போய்விட்டது. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. சுரண்டி ஒட்டவைத்தாலும் நீடிக்காது. முழுக் கம்பியையும் மாற்றுங்கள். ஒன்று: ஜப்பானியக் கேமராக்களின் திருகுகளுக்கு ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவுத் திருப்புளி வேண்டும். வீட்டில் கிடக்கும் பிலிப்ஸ் திருப்புளி வழுக்கி, திருகின் தலையைத் தின்றுவிடும்.

அதுவரை கேமராவைச் சும்மா வைத்திருக்க வேண்டியதில்லை. கே1000-இல் பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். ஷட்டர் முழுக்க இயந்திரம். 1/1000 விநாடி வரை பேட்டரியே இல்லாமல் ஓடும். வெளிச்சத்தை வேறு மீட்டரில் பார்த்துப் படமெடுக்கலாம்.

கேள்வி: என்னுடையது ஒலிம்பஸ் ஓஎம்-1. உள்ளே பழைய பாதரச பேட்டரியே இருக்கிறது. அதற்கும் இதே முறைதானா?

பதில்: துடைக்கும் முறை அதேதான். அந்த பேட்டரியிலும் காரம்தான் இருக்கிறது. ஆனால் பொடியைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், ஈரப்படுத்தி எடுங்கள். பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல், அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக அதே உருவத்தில் அல்கலைன் கிடைக்கும். வாங்காதீர்கள். பழையது 1.35 வோல்ட்; இது 1.5 வோல்ட். வெளிச்சம் அதிகம் என்று மீட்டர் பொய் சொல்லும், படம் இருண்டுபோகும். காதுகேள் கருவிக்கான 675 எண் துத்தநாகக் காற்று பேட்டரி 1.4 வோல்ட். சுற்றியுள்ள இடைவெளியை நிரப்பும் ஒரு வளையத்தோடு அதைப் போட்டால் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். ஒட்டுத்தாளை உரித்த நாளிலிருந்தே அது தீரத் தொடங்கும் என்பதுதான் குறை.

கேள்வி: மறுபடி கசியாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: தீர்ந்துபோன பேட்டரியை உள்ளேயே விடும்போதுதான் வாயு சேர்ந்து, அழுத்தம் கூடி, அடைப்பைத் தள்ளிக்கொண்டு காரம் வெளியே வருகிறது. கே1000-இல் மீட்டருக்குத் தனி ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் மூடிதான் ஸ்விட்ச். மூடி இல்லாமல் வைத்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு அல்கலைனை விட எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு நல்லது, கசிவதும் குறைவு. சில வாரங்கள் எடுக்கப்போவதில்லை என்றால் அதையும் கழற்றி வைத்துவிடுங்கள்.