கழற்றின கார்புரேட்டரைத் திரும்ப மாட்டுறது: கேள்வி பதில்

பெங்களூரில் வீட்டு வாசலிலேயே பழைய பைக்கைப் பிரிச்சு மாட்டுற நம்ம ஆட்களுக்காக இது. ஆக்சிலேட்டர் கேபிளே நேரா தூக்குற ஸ்லைடு (உருளை) வகை கார்ப் உள்ள வண்டிகள் (ஆர்எக்ஸ் 100, ஸ்பிளெண்டர், பழைய புல்லட், ஆர்டி 350 மாதிரி) பற்றி மட்டும் கேளுங்க. கழுவி மாட்டினதும் வர்ற கோளாறு பெரும்பாலும் கார்புக்குள்ள இல்லை, மாட்டின விதத்துல இருக்கு. இதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

அல்சூர், ஆர்எக்ஸ் 100: கார்பைக் கிளீன் பண்ணி மாட்டி உதைச்சேன். வண்டி முழு ஆக்சிலேட்டர்ல அலறுது, சாவியைத் திருப்பினாதான் நிக்குது. ஐடிலிங் ஸ்க்ரூவை முழுசா வெளியே எடுத்தும் மாற்றமில்லை.

ஸ்லைடைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. வெளியே எடுத்துப் பாருங்க. ஒரு பக்கம் மேலிருந்து கீழ் வரை நேரா ஒரு காடி ஓடும். எதிர்ப்பக்கம் சரிவா ஒரு சின்ன வெட்டு, அது ஐடிலிங் ஸ்க்ரூவோட முனை உட்கார்ற இடம். கார்பு துளைக்குள்ள விரலை விட்டா சின்ன பின் ஒண்ணு தட்டுப்படும். நேர் காடி அந்தப் பின் மேல இறங்கணும். ஸ்லைடோட அடியில அரைவட்டமா வெட்டின பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்கணும். திருப்பிப் போட்டா ஸ்லைடு பின் மேலயே தொங்கிக்கிட்டு நிக்கும். மூடி மட்டும் ஒழுங்கா மரை ஏறிடும், அங்கதான் ஏமாந்து போறோம்.

இன்னொண்ணு. நீடிலை (ஸ்லைடோட ஏறி இறங்குற ஊசி) ஸ்லைடுக்குள்ள விட்டதும் அதைப் பிடிச்சு நிறுத்துற சின்னத் தகடு ஸ்பிரிங்குக்கு அடியில வரணும். தகடு விட்டுப்போனா நீடில் ஆடும். நடு ஆக்சிலேட்டர்ல ஒரு நாள் நல்லா ஓடும், ஒரு நாள் ஓடாது, காரணமே பிடிபடாது.

மூடியை இறுக்கினதும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கிச் சட்டுனு விடுங்க. உள்ளே "டக்"னு ஸ்லைடு அடியில அடிக்கிற சத்தம் கேட்கணும். ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி வச்சு அதையே மறுபடி பண்ணுங்க. மூணு இடத்திலயும் டக் கேட்டா மட்டும் கிக்கர். கேபிள்ல மூடிக்கு மேல 1 மில்லிமீட்டர் அளவுக்குத் தளர்ச்சி இருக்கட்டும்.

கே.ஆர். புரம், ஸ்பிளெண்டர்: ஐடிலிங் நிக்கவே மாட்டேங்குது சார். ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்க அஞ்சாறு செகண்டு ஆகுது. ஜெட் எல்லாம் புதுசு.

புது ஜெட்டுக்கும் (பெட்ரோலை அளந்து விடுற சின்னத் துளை) இதுக்கும் சம்பந்தம் இல்லை. இது காத்து கள்ளத்தனமா உள்ளே போற அடையாளம். முதல்ல டக் இருக்கான்னு பாருங்க, கேபிள் இறுக்கமா இருந்தாலும் இதே குணம்தான் காட்டும். டக் இருந்தும் ரேஸ் இறங்காம தொங்குதுன்னா, ஓடுற வண்டியில சோக்கைக் கொஞ்சம் இழுங்க. ரேஸ் சீராகுதுன்னா பெட்ரோல் விகிதம் குறைவு, அதாவது ஏர் லீக். எங்கேன்னு கண்டுபிடிக்க ஸ்பிரே பாட்டில்ல வெறும் தண்ணியை எடுத்து மேனிஃபோல்டு (கார்பை எஞ்சினோட சேர்க்கிற குழாய்) இணைப்பு சுத்திலும் புகை மாதிரி அடிங்க. எந்த இடத்துல சத்தம் மாறுதோ அங்கதான் ஓட்டை. கார்ப் கிளீனரை இதுக்கு அடிக்காதீங்க. பக்கத்துலயே சைலன்சர் கொதிக்குது, அது பத்திக்கும்.

கார்பை எஞ்சினோட சேர்க்கிற முகத்துல ரெண்டு போல்ட், நடுவுல ஓ-ரிங் (ரப்பர் வளையம்). 10-ஆம் நம்பர் ஸ்பேனரை வச்சு முழு பலத்தோட இறுக்கினா ரெண்டு காதும் எஞ்சின் பக்கம் வளைஞ்சு நடுப்பகுதி தூக்கிடும். புது ஓ-ரிங் போட்டாலும் அடைக்காது. கார்பைக் கழற்றி, ஓ-ரிங்கை எடுத்துட்டு, அந்த முகத்தைக் கண்ணாடித் துண்டு மேல வச்சுப் பாருங்க. ஆடினா வளைஞ்சிருக்கு. கண்ணாடி மேல 400 நம்பர் தண்ணி எமரியை விரிச்சு, எட்டுப் போடுற மாதிரி தேய்ங்க. முகம் முழுக்க ஒரே பளபளப்பு வர்ற வரைக்கும், அதுக்கு மேல வேண்டாம். ஓ-ரிங் காடியோட ஆழம் குறைஞ்சுடும். கார்புக்கும் எஞ்சினுக்கும் நடுவுல வர்ற கறுப்புக் கட்டையையும் ரெண்டு பக்கம் பாருங்க. தேய்ச்ச தூள் ஒரு துளி இல்லாம கழுவி, புது ஓ-ரிங் போட்டு, ரெண்டு போல்டையும் மாத்தி மாத்திக் கால் சுத்து கால் சுத்தா இறுக்குங்க. மணிக்கட்டு பலம் போதும், தோள் பலம் வேண்டாம்.

சிலிக்கான் பசை தடவி அடைக்கலாமான்னு அடுத்து யாராவது கேப்பீங்க. கூடாது. பெட்ரோல் பட்டா உப்பி, பிஞ்சு, துணுக்கா உள்ளே போகும்.

ஜெயநகர்: புளித்தண்ணியில ராத்திரி முழுக்க ஊறப்போட்டா கார்ப் பளிச்சுனு ஆகுதுன்னு வீடியோல காட்டுறாங்களே?

பித்தளைக் குத்துவிளக்குக்கு நல்லது. கார்ப் உடம்பு துத்தநாகம், அலுமினியம் கலந்த வார்ப்பு, புளி அதை அரிச்சு வெள்ளையா மாவு பூக்க வச்சுடும். வேண்டாம்.

விவேக் நகர், புல்லட் 350: ஏர் ஸ்க்ரூ எத்தனை சுத்து வைக்கணும் அண்ணே?

உள்ளே மெதுவா திருப்பி, தட்டுப்பட்டதும் நிறுத்திடுங்க. இறுக்காதீங்க, ஊசி முனையும் அது உட்கார்ற இடமும் பழுதாயிடும். அங்கிருந்து ஒன்றரை சுத்து வெளியே. இது தொடக்கம்தான். பத்து நிமிஷம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்க. ஐடிலிங்கைக் கொஞ்சம் தூக்கி வச்சு, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுத்தா ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருங்க. உள்ளே திருப்பினா பெட்ரோல் விகிதம் கூடும், வெளியே எடுத்தா குறையும். சத்தம் எங்க உச்சமா, சீரா இருக்கோ அங்க விட்டுட்டு ஐடிலிங்கை இறக்குங்க. நல்ல இடம் 1 சுத்துக்கும் குறைவா வந்தா பைலட் ஜெட் (ஐடிலிங்குக்கான சின்ன ஜெட்) அடைச்சிருக்கு, இல்லை சின்னது, இல்லை ஏர் லீக். ரெண்டரைக்கு மேல போனா பைலட் ஜெட் பெருசு.

சிவாஜிநகர்: தப்பா சொல்றீங்க. ஸ்க்ரூவை உள்ளே திருப்பினா பெட்ரோல் குறையும், வெளியே எடுத்தா கூடும். எங்க தெரு மெக்கானிக் காலங்காலமா இப்படித்தான் வைக்கிறார், வண்டியும் ஓடுது.

உங்க மெக்கானிக் பொய் சொல்லலை. அவர் சொல்ற ஸ்க்ரூ வேற. ஸ்க்ரூ ஸ்லைடுக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா அது காத்தை அளக்குது, உள்ளே திருப்பினா காத்து குறைஞ்சு பெட்ரோல் விகிதம் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தா அது கலந்து முடிஞ்ச கலவையை அளக்குது, உள்ளே திருப்பினா கலவையே குறையும், பெட்ரோலும் குறையும். நாம பேசுற விஎம் வகை ஸ்லைடு கார்ப்ல முதல் ரகம். பல்சர் மாதிரி வண்டிகள்ல வர்ற பிஎஸ் வகை வேக்குவம் கார்ப்ல ரெண்டாவது ரகம். (இந்த பிஎஸ்ஸுக்கும் புகை விதி பிஎஸ் 4-க்கும் உறவு கிடையாது.)

சிவாஜிநகர்: ரெண்டையும் முழுசா உள்ளே திருப்பினா வண்டி நிக்கத்தானே செய்யுது? அப்ப என்ன வித்தியாசம்?

நிக்கிற காரணம் வேற. ஒண்ணு மூச்சு முட்டி நிக்குது, இன்னொண்ணு பட்டினியில நிக்குது. நிக்கப் போற நேரத்துல சோக்கை லேசா இழுங்க. இன்னும் மோசமானா ஏற்கனவே பெட்ரோல் அதிகம், அது ஏர் ஸ்க்ரூ. பிழைச்சுக்கிட்டா கலவை ஸ்க்ரூ.

ஃப்ரேசர் டவுன்: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். சிவாஜிநகர் சார் சொல்ற மாதிரி வச்சுத்தான் என் ஆர்எக்ஸ் ஓடுது. கறுப்புப் புகை வந்துச்சு, ஸ்க்ரூவை உள்ளே திருப்பினேன், இன்னும் கூடிடுச்சு.

நீங்க என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்லியிருக்கீங்க.

சிவாஜிநகர்: சரி, ஏர் ஃபில்டர் பக்கம்தான் இருக்கு. ஒத்துக்கிறேன். மெக்கானிக்கிட்ட நீங்களே சொல்லுங்க.

ஒயிட்ஃபீல்ட்: புது ரிப்பேர் கிட் போட்டேன். ஓவர்ஃப்ளோ டியூப்ல பெட்ரோல் சொட்டுது. ஃப்ளோட் நீடிலும் புதுசு.

நீடில் மட்டும் புதுசு, அது உட்கார்ற இடம் பழசு. காது குடையற பஞ்சுக் குச்சியில மெட்டல் பாலிஷ் தொட்டு அந்த இடத்தை பத்து சுத்து சுத்திக் கழுவுங்க. பெட்ரோல் டேப் வடிகட்டியும் பாருங்க, டேங்க் துரு ஒரு துகள் வந்து உட்கார்ந்தா எந்த நீடிலும் மூடாது. அடுத்து ஃப்ளோட், அதாவது கார்புக்கு அடியில உள்ள கிண்ணத்துப் பெட்ரோல்ல மிதந்து நீடிலை மூடுற மிதவை. பித்தளையா இருந்தா காதுகிட்ட வச்சு ஆட்டுங்க, சளசளன்னா ஓட்டை. சந்தேகம்னா வெந்நீர்ல அமுக்குங்க, குமிழி வர்ற இடம் ஓட்டை. ஈயம் வச்சு அடைக்கிற யோசனை வேண்டாம். உள்ளே பெட்ரோல் ஆவி இருந்தா வெடிக்கும். தப்பிச்சாலும் ஈயத்தோட எடையில ஃப்ளோட் தாழ்ந்து மட்டம் ஏறிடும்.

மட்டத்தைக் கண்ணால பார்க்க ஒரு வழி உண்டு. கிண்ணத்தோட அடியில வடிகால் திருகு உள்ள துளையில ஒளி ஊடுருவற டியூபை மாட்டி, கார்ப் பக்கத்துல மேலே நிமிர்த்திப் பிடிச்சு, டேப்பைத் திறங்க. வண்டி நேரா நிக்கணும், சைடு ஸ்டாண்டுல இல்லை. டியூபுல பெட்ரோல் கிண்ணமும் உடம்பும் சேர்ற கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே நிக்கணும். எத்தனை மில்லிமீட்டர்ங்கிறது அந்தந்த வண்டி கையேட்டுல இருக்கு. கோட்டைத் தாண்டினா ஃப்ளோட்டோட நாக்கை வளைச்சுச் சரி பண்ணணும், ஒரு தடவைக்கு மயிரிழை அளவு.

இந்திராநகர்: ஏர் ஸ்க்ரூ எத்தனை சுத்து?

விவேக் நகர் கேள்வியைப் படிங்க.

மடிவாளா: சென்னையிலிருந்து கொண்டுவந்த ஆர்எக்ஸ். இங்க பிளக் கறுப்பாகுது. மெயின் ஜெட் மாத்தணுமா?

இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காத்து அடர்த்தி அங்கத்தைவிட 9 சதவீதம் வாக்குல குறைவு. கார்ப் அதுல பாதியைத் தானே ஈடுகட்டிடும், மிச்சம் 4, 5 சதவீதம்தான் பெட்ரோல் கூடுதல். ஏர் ஸ்க்ரூவைக் கால் சுத்து வெளியே எடுங்க, பத்தலைன்னா நீடில் தலையில மாட்டுற சர்க்ளிப்பை ஒரு வெட்டு மேலே ஏத்துங்க. சர்க்ளிப் மேலே போனா நீடில் கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். மெயின் ஜெட் கடைசி. அதுக்கு முன்னாடி ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்க, சில்க் போர்டு சந்திப்புப் புழுதி அதுல எவ்வளவு இருக்குன்னு தெரியும்.

பசவனகுடி, ஆர்டி 350: ரெண்டு கார்பையும் ஒண்ணா மாட்டுறது எப்படி? கீழ் ரேஸ்ல குலுங்குது.

இதுதான் நல்ல கேள்வி. குலுக்கம் எதனாலன்னா ஒரு ஸ்லைடு முந்தியும் இன்னொண்ணு பிந்தியும் தூக்குது, ஒரு சிலிண்டர் இன்னொண்ணை இழுத்துக்கிட்டு ஓடுது.

ஏர் ஃபில்டர் ரப்பரை ரெண்டு பக்கமும் எடுத்துடுங்க, பின்னாலிருந்து ஸ்லைடு தெரியணும். கேபிள் அட்ஜஸ்டர் ரெண்டையும் தளர்த்துங்க. டக் ரெண்டு பக்கமும் தனித்தனியா கேட்கணும். அப்புறம் 2 மில்லிமீட்டர் டிரில் பிட் ரெண்டு எடுத்து, வழுவழுப்பான பின்பக்கத்தை ஒவ்வொரு ஸ்லைடுக்கு அடியிலயும் விட்டு, ஐடிலிங் ஸ்க்ரூவை ரெண்டு பிட்டும் ஒரே அளவு உரசி வெளியே வர்ற மாதிரி வையுங்க. இது ஐடிலிங்குக்குச் சமம். உருவி எடுத்துட்டு 3 மில்லிமீட்டர் பிட்டுகளை ஆக்சிலேட்டரைத் திறந்து உள்ளே விட்டு விடுங்க, ஸ்லைடு அதைக் கவ்விப் பிடிக்கும். இப்ப மெதுவா முறுக்குங்க. ரெண்டு பிட்டும் ஒரே நொடியில தளர்ந்து சாயணும். பிந்துற பக்கத்து கேபிள் அட்ஜஸ்டரை வெளியே திருப்புங்க. நாலஞ்சு தடவை பண்ணினாத்தான் படியும்.

ஏர் ஸ்க்ரூ ரெண்டும் ஒன்றரை. கடைசியா ஆயில் பம்ப் கேபிள். கார்ப் கேபிளைத் தொட்டா பம்ப் கேபிளும் மாறும், அதனால இந்த வரிசையைப் புரட்டாதீங்க. பம்ப் கப்பியில உள்ள குறியும் பின்னும் கையேட்டுல சொன்ன நிலையில நேரா வரணும். ஆயில் குறைஞ்சா பிஸ்டன் பிடிச்சுடும். டூ-ஸ்ட்ரோக்ல (ஆர்டி, ஆர்எக்ஸ் மாதிரி) ஏர் லீக்குக்கும் இதே தண்டனைதான், ஸ்பிளெண்டர் மாதிரி முனகிக்கிட்டு ஓடாது.

ஹெப்பாள்: பைலட் ஜெட்டைக் குண்டூசியால குத்தலாமா?

கூடாது, ஓட்டை பெருசாகும். தூண்டில் நரம்பு, இல்லைன்னா ஒயர்ல உரிச்ச ஒத்தைச் செம்பு இழை. பிறகு காத்து. வெளிச்சத்துல பிடிச்சா ஓட்டை வட்டமா தெரியணும்.

ஆர்.டி. நகர்: அப்பார்ட்மென்ட் பால்கனியில வச்சுக் கழுவலாமா? பக்கத்துல பூஜை மாடம்.

விளக்கு எரியும்போது கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனம், தரையோட தவழ்ந்து கதவிடுக்குல உள்ளே போகும். கீழே பார்க்கிங்ல, திறந்தவெளியில பண்ணுங்க. கிளீனர் அடிக்கும்போது கண்ணாடி போடுங்க. ஒரு துளையில அடிச்சா எதிர்த்துளையிலிருந்து நேரா கண்ணுக்கு வரும். ரப்பர் பாகம் எல்லாத்தையும் முன்னாடியே எடுத்துடுங்க, கிளீனர்ல ஊதிப் போகும்.

எலக்ட்ரானிக் சிட்டி: மாசத்துக்கு ஒரு தடவைதான் ஓட்டுறேன். ஒவ்வொரு தடவையும் பைலட் அடைச்சுக்குது.

ஓட்டி முடிச்சதும் டேப்பை மூடி, கிண்ணத்து வடிகாலைத் திறந்து காலி பண்ணிடுங்க. இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலப்பு அதிகம், ஈரத்தை இழுத்துக்கும், தண்ணி சேர்ந்தா அடியில தனியாப் பிரிஞ்சு நிக்கும். பழைய டியூபையும் ஓ-ரிங்கையும் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடையில எத்தனாலுக்குத் தாங்குற ரகமாக் கேட்டு வாங்குங்க.

கோரமங்களா: இன்ஜெக்ஷன் வண்டி, ஐடிலிங் சரியில்லை.

இங்க இல்லை. ஸ்கேனர் வச்சிருக்கிறவங்ககிட்ட போங்க.

பனஸ்வாடி: அண்ணே, ஏர் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்பினா...

சிவாஜிநகர்.

யஷ்வந்த்பூர்: கார்ப் கழுவி மாட்டினேன், ஸ்டார்ட் ஆனதும் ஃபுல் ரேஸ்ல போகுது. கேபிள் புதுசு. ஸ்பிரிங்கும் மாத்திட்டேன்.

டக் கேட்டுச்சா?

யஷ்வந்த்பூர்: கேட்கலை.

ஸ்லைடை எடுத்துத் திருப்பிப் போடுங்க.