ஸ்க்ரூ பாதியில் நிற்கிறது, பேட்டரியோ மூன்று விளக்கு காட்டுகிறது

கேள்வி: ஃபால்ஸ் சீலிங் வேலை செய்கிறேன். மூன்று வருடம் முன்பு வாங்கிய 18 வோல்ட் கார்ட்லெஸ் டிரில், சாதா பிரஷ் மோட்டார். கூடவே 2 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி இரண்டு. ஒரு பேட்டரி சார்ஜரில் வைத்த பத்தாவது நிமிடமே பச்சை காட்டுகிறது. ஆனால் நாலு ஸ்க்ரூ ஏறுவதற்குள் மெஷின் நின்றுவிடுகிறது. உடனே பேட்டரியின் பட்டனை அழுத்திப் பார்த்தால் மூன்று விளக்கும் எரிகிறது! இன்னொரு பேட்டரி ஆறு மாதம் பெட்டிக்குள் சும்மா கிடந்தது. இப்போது சார்ஜரில் வைத்தால் சிவப்பு மினுக்குகிறது, ஏறவே இல்லை. கடைக்காரர் மெஷினையே மாற்றச் சொல்கிறார். நல்ல பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு 'பூஸ்ட்' கொடுத்தால் எழுந்துவிடும் என்கிறார் கூட வேலை செய்பவர். செல் மட்டும் மாற்றலாமா? பழைய லேப்டாப் அடாப்டரில் நேராக ஓட்ட முடியுமா? — வாசகர், கரூர்

பதில்: மெஷினை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டு பேட்டரிக்கும் இரண்டு வெவ்வேறு நோய். மெஷின் பெரும்பாலும் நிரபராதி. ஆனாலும் ஊகத்தில் காசு செலவழிக்கக் கூடாது. சைட்டில் அதே கம்பெனி, அதே 18 வோல்ட் பேட்டரி வைத்திருப்பவரிடம் பத்து நிமிடம் கடன் கேளுங்கள். அதைப் போட்டு இருபது ஸ்க்ரூ தடங்கலில்லாமல் ஏறினால் மெஷின் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்தது.

கடன் பேட்டரி கிடைக்காவிட்டால் டிரில்லின் முன்னால் இருக்கும் சின்ன எல்இடியைக் கவனியுங்கள். டிரிகரை அழுத்தியபடியே இருக்கும்போது மோட்டாரோடு சேர்ந்து எல்இடியும் செத்தால், கரண்ட் வருவதே நின்றுவிட்டது என்று அர்த்தம். அது பேட்டரி பக்கத்துக் கதை. எல்இடி எரிந்துகொண்டே இருக்க மோட்டார் மட்டும் அசையாமல் இருந்தால் பிரஷ், சுவிட்ச், மோட்டார் என்று தேட வேண்டும். பெரும்பாலான டிரில்களில் இந்த ஒரு பார்வையே பாதி வேலையை முடித்துவிடும்.

இனி அந்த மூன்று விளக்கு. அது பொய் சொல்லவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது. அந்த விளக்கு பார்ப்பது பேட்டரி சும்மா இருக்கும்போது உள்ள வோல்ட்டேஜை. உங்களுக்குத் தெரிய வேண்டியதோ மோட்டார் இழுக்கும்போது எவ்வளவு வோல்ட் மிஞ்சுகிறது என்பது.

18 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம் செல்கள் ஐந்து வரிசையாக இருக்கின்றன. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2, மொத்தம் 21 வோல்ட். (சில கம்பெனிகள் 20 வோல்ட் என்றும் சில சீன மெஷின்கள் 21 வோல்ட் என்றும் அச்சடிப்பது இதே ஐந்து செல்லைத்தான். கடையில் 48, 88 என்று எழுதி அடுக்கியிருக்கும் டிரில்களைத் திறந்தாலும் பெரும்பாலும் உள்ளே அந்த ஐவர்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டிக்கர் ஒட்டக் கரண்ட் தேவையில்லை.)

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கரண்டைக் கொஞ்சம் மறிக்கும் ஓர் உள்தடை உண்டு. டிரில்லுக்கென்றே செய்த நல்ல புதுச் செல்லில் அது ஏறத்தாழ 20 மில்லிஓம். ஐந்துக்கும் சேர்த்து 100, அதாவது 0.1 ஓம். ஸ்க்ரூ தலை போர்டில் உட்காரும் கடைசி நொடியில் மோட்டார் 20 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 பெருக்கல் 0.1, உள்ளேயே 2 வோல்ட் போய்விடும். இருபதில் பதினெட்டு மிச்சம், மெஷினுக்கு அது போதும். செல்லுக்கு வயதாகி உள்தடை 90 மில்லிஓம் ஆனால்? மொத்தம் 0.45 ஓம். அதே 20 ஆம்பியருக்கு 9 வோல்ட் உள்ளேயே கரைந்துவிடும். மிஞ்சுவது 11, செல் ஒன்றுக்கு 2.2 வோல்ட். செல் மிகவும் இறங்காமல் காக்கும் சர்க்யூட் போர்டு பொதுவாக 2.5 வோல்ட் பக்கத்தில் கதவைச் சாத்திவிடும். மெஷின் நிற்கிறது. நீங்கள் விரலை எடுத்ததும் இழுப்பு இல்லை, வோல்ட்டேஜ் மறுபடி இருபதுக்கு ஏறுகிறது, விளக்கும் மூன்று காட்டுகிறது. உங்கள் முதல் பேட்டரிக்கு நடப்பது இதுதான்.

பத்து நிமிடத்தில் பச்சை விழுவதும் அதே நோயின் மறுபக்கம். சாதாரண 2 ஆம்பியர் சார்ஜரில் 2 ஏஎச் பேட்டரி காலியிலிருந்து நிறைய ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும். உள்தடை கூடிய செல்லில் சார்ஜ் ஏறும்போது வோல்ட்டேஜ் சீக்கிரமே மேலே முட்டிவிடும். சார்ஜரும் நிறைந்துவிட்டது என்று நம்பிவிடும். ஐந்தில் ஒரே ஒரு செல் மட்டும் நலிந்து, அது முதலில் நிறைந்து முதலில் காலியாகி, மற்ற நான்கையும் சேர்த்து நிறுத்துவதும் உண்டு. பட்டறைக்கு வரும் பேட்டரி பேக்குகளில் நான் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது வகைதான்.

இதை நீங்களே சோதிக்கலாம். பழைய பைக், கார் ஹெட்லைட்டின் 12 வோல்ட் 55 வாட் பல்பு இரண்டை வரிசையாக இணையுங்கள். சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியை நிறைய சார்ஜ் செய்து, அரைமணி ஆற விட்டு, முதலில் மல்டிமீட்டரில் சும்மா அளந்துகொள்ளுங்கள்: 20.5-க்கு மேல் இருக்க வேண்டும். பிறகு பல்பை இணைத்துப் பத்து நொடி மீட்டரைப் பாருங்கள். அரை வோல்ட் அளவு இறங்கினால் பேட்டரி நன்றாக இருக்கிறது. ஒன்றரை, இரண்டு என்று இறங்கினால் அது இனி டார்ச் லைட்டுக்குத்தான் ஆகும். பத்து நொடிக்கு மேல் விடாதீர்கள். சில கம்பெனி பேட்டரிகளில் லோடைத் துண்டிக்கும் வேலை மெஷினுக்குள் இருக்கிறது, பேட்டரிக்குள் இல்லை. பல்பை மறந்துவிட்டு டீ குடிக்கப் போனால் செல்லை நீங்களே கொன்றிருப்பீர்கள். மீட்டர் முனையையும் பல்பு ஒயர் தொடும் இடத்தில் வைக்காமல் பேட்டரியின் டெர்மினலிலேயே வையுங்கள். இல்லாவிட்டால் ஒயரின் இழப்பையும் பேட்டரி கணக்கில் எழுதிவிடுவோம்.

பேட்டரி நல்லது என்று வந்து, மெஷின் மட்டும் லோடில் சாகிறது என்றால் முதலில் டெர்மினலைத் தொட்டுப் பாருங்கள். ஒருமுறை ஒருவர் வருடத்துக்குள் மூன்றாவது பேட்டரி வாங்கப் போகிறேன் என்று வந்தார். அவருடைய டிரில்லில் பேட்டரி செருகும் தகடுகள் விரிந்துபோய், பக்கத்துப் பிளாஸ்டிக் உருகிக் கருத்திருந்தது. சூடு பட்டு விரிகிறது, விரிந்ததால் இன்னும் சூடாகிறது. நல்ல பேட்டரி எதைப் போட்டாலும் அங்கேதான் வோல்ட்டேஜ் தொலைந்தது. ஜிப்சம் தூசியில் வேலை செய்கிறவர் நீங்கள், பேட்டரி செருகும் அந்தப் பள்ளத்தை மாதம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் துடையுங்கள்.

அடுத்தது கார்பன் பிரஷ். தட்டினால் ஓடும், மறுபடி நிற்கும், காற்றோட்டத் துளை வழியே பார்த்தால் பொறி பறக்கும்: பிரஷ் தேய்ந்திருக்கிறது. டிரிகர் சுவிட்சும் அடையாளம் காட்டும். மெதுவாக அழுத்தினாலும் ஒரே பாய்ச்சலாக முழு வேகம் என்றால் சுவிட்சுக்குள் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிவிட்டது. மெதுவாக அழுத்தும்போது ஒன்றுமில்லை, முழுக்க அழுத்தினால் மட்டும் ஓடுகிறது என்றால் அதே பாகத்துக்குள் இணைப்பு அறுந்துவிட்டது; முழு அழுத்தத்துக்கென்று இருக்கும் நேரடி காண்டாக்டில் ஓடுகிறது. இரண்டுக்கும் சுவிட்சை மாற்றினால் போதும். கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு பிட் மட்டும் நின்றால் அது கிளட்ச் வளையம், நோயே இல்லை. வளையத்தைத் திருப்பிப் பெரிய எண்ணில் வையுங்கள். முன்பின் லிவர் நடுவில் நின்றிருப்பதைக் கவனிக்காமல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அவர்களிடம் நான் கூலி வாங்குவதில்லை.

இரண்டாவது பேட்டரிக்கு வருவோம். டெர்மினலில் அளந்தால் எவ்வளவு? 15 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் செல்கள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கின்றன. குறை வேறு எங்கோ: சார்ஜர், அல்லது வெப்பம் பார்க்கும் தெர்மிஸ்டர். பல பேக்குகளில் 'டி' என்று குறித்த கூடுதல் டெர்மினல் ஒன்று இருக்கும். அதற்கும் மைனஸுக்கும் நடுவே 25 டிகிரியில் ஏறத்தாழ 10 கிலோஓம் காட்ட வேண்டும். கரூர் வெயிலில் ஆறு ஏழு காட்டினாலும் சரிதான். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் அந்த ஒயர் அறுந்திருக்கலாம். பேட்டரியின் சூடு தெரியாமல் சார்ஜர் ஏற்ற மறுக்கிறது. பேட்டரியே கொதித்துக்கொண்டிருந்தாலும் சார்ஜர் மினுக்கிக்கொண்டு காத்திருக்கும். தகரக் கொட்டகைக்குள் மே மாத மதியம் சார்ஜ் போட்டுவிட்டுச் சார்ஜரைத் திட்டக் கூடாது.

ஆனால் ஆறு மாதம் கிடந்தது என்கிறீர்கள். அனேகமாகக் காலியாகவே வைத்திருப்பீர்கள். மொத்தம் 10 வோல்ட்டுக்குக் கீழே, அதாவது செல்லுக்கு 2-க்கும் கீழே காட்டினால், பூஸ்ட் வேண்டாம். ஏனென்று சொல்கிறேன். லித்தியம் செல்லின் எதிர்முனை கார்பன் ஒரு செப்புத் தகட்டின் மேல் பூசப்பட்டிருக்கிறது. வோல்ட்டேஜ் மிகக் கீழே போய் நாள்கணக்கில் கிடந்தால் அந்தச் செம்பு கொஞ்சம் கொஞ்சமாக திரவத்தில் கரைகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழிசெய்கிறது. பூஸ்ட் கொடுத்த அன்றைக்கு ஓடும், அதனால்தான் வீடியோவில் எல்லாம் வெற்றியாகத் தெரிகிறது. அதற்கடுத்த வாரம் ராத்திரி சார்ஜில் இருக்கும்போது என்ன ஆனது என்று யாரும் வீடியோ போடுவதில்லை. சார்ஜர் மறுப்பது உங்கள் வீட்டைக் காப்பாற்றத்தான்.

10-க்கும் 15-க்கும் நடுவே இருந்தால் பேக்கைத் திறந்து செல் செல்லாக அளக்க வேண்டும். நான்கு 3.4 காட்ட ஒன்று மட்டும் 0.4 காட்டினால் அந்தப் பேக்கின் கதை முடிந்தது. திறப்பதற்கு முன் மோதிரம், வாட்ச், கைச்செயின் கழற்றிவிடுங்கள். இந்தச் செல்கள் ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் தள்ளக்கூடியவை. மோதிரம் சூடேறி விரலைச் சுட்டுவிடும்.

செல் மாற்றலாமா என்றால், மாற்றலாம். நல்ல கையாக இருக்க வேண்டும். கெட்டதை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். புதுச் செல் ஒன்றைப் பழைய நான்கோடு கட்டினால் வண்டியில் இளங்காளையையும் கிழமாட்டையும் பூட்டிய மாதிரி. ஐந்தும் ஒரே நேரத்தில், ஒரே வகையில் மாற வேண்டும். டிரில்லுக்கு வேண்டியது 15, 20 ஆம்பியர் தாங்கும் ஹை-டிரெய்ன் செல். லேப்டாப்பிலிருந்தோ பவர் பேங்கிலிருந்தோ எடுத்தது 2600 எம்ஏஎச் (2.6 ஏஎச்) என்று எழுதியிருந்தாலும் வேகமாகக் கொடுக்கத் தெரியாதது. புதிதாகப் போட்ட அன்றைக்கே உங்கள் பழைய பேட்டரி மாதிரிதான் நிற்கும். 18650 அளவுச் செல்லில் (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம்) பொதுவாக நிஜமாகக் கிடைப்பது 3500 எம்ஏஎச் பக்கம் வரைதான். 9900 என்று எழுதியிருந்தால் விலை கேட்காமலே திரும்பி வந்துவிடலாம். சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள், நல்ல செல் 45 கிராம் பக்கம் இருக்கும். இணைப்பு ஸ்பாட் வெல்டிங்கில்தான் இருக்க வேண்டும். செல்லின் மேல் நேராக ஈயம் வைத்தால் அந்தச் சூடே உள்ளிருக்கும் சீலைக் கெடுக்கும். செல்களை இணைக்கும் பட்டை சுத்த நிக்கலா, நிக்கல் பூசிய இரும்பா என்று சந்தேகமா? ஒரு துண்டைக் கீறி உப்புத் தண்ணீரில் ராத்திரி போடுங்கள், இரும்பு துருப்பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு சிக்கல்: சார்ஜ் பலமுறை தோற்றால் சில கம்பெனி போர்டுகள் தங்களை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட பேக்கில் எவ்வளவு நல்ல செல் போட்டாலும் சிவப்புதான் மினுக்கும். அதனால் செல் மாற்றுபவரிடம், சார்ஜ் ஏறி லோடில் ஓடுவதைக் காட்டிய பிறகுதான் பணம் என்று முன்பே பேசிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் மாதிரி தினமும் தலைக்கு மேல் மெஷினைத் தூக்கி வேலை செய்கிறவர் ஒரு புதுக் கம்பெனி பேட்டரி வாங்குவதே கணக்கு. முடிந்தால் 4 ஏஎச். அதில் பொதுவாக இரண்டிரண்டு செல்லாகப் பத்துச் செல் இருக்கும். ஒவ்வொன்றும் பாதி ஆம்பியர்தான் சுமக்கும், ஆயுள் கூடும். கை கொஞ்சம் வலிக்கும் என்பதும் உண்மை. முதல் பேட்டரிக்கு வேண்டுமானால் செல் மாற்றி மாற்று பேட்டரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் அடாப்டர் வேலைக்கு ஆகாது. அது 19 வோல்ட் என்பது பொருத்தமாகத் தெரியும், ஆனால் தருவது மூன்று நான்கு ஆம்பியர். மோட்டார் கிளம்பும் முதல் உதறலுக்கே அதைவிடப் பல மடங்கு கேட்கும். அடாப்டர் கட் ஆகி, விட்டு, கட் ஆகி, விட்டு விக்கும். பேட்டரிக்குள் அதையே சார்ஜராகச் செருகும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். செல் நிறைந்ததும் நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

அடுத்த முறை வேலை இல்லாத மாதங்களில் பேட்டரியை மெஷினிலிருந்து கழற்றி, பாதி சார்ஜில், வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். ஸ்கூட்டர் டிக்கியில் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பட்டனை அழுத்திப் பார்த்து, ஒரு விளக்குக்கு இறங்கியிருந்தால் கொஞ்சம் ஏற்றிவிடுங்கள். செத்த பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள், நசுங்கினால் எரியும். டெர்மினல்களில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. கொண்டுபோகும் நாள் வரை, உப்பியதாகத் தெரிந்தால், வீட்டுக்கு வெளியே மணல் போட்ட மண்சட்டியில் வைத்திருங்கள்.