வாசகர் கேள்வி – பதில்: எலிப்பொறிச் சுவரும் ஓடு வைத்த தளமும்

கேள்வி: என் அண்ணன் திருவனந்தபுரத்தில் கொத்தனார். அங்கே லாபநோக்கற்ற அமைப்பு ஒன்று, வெளிப்பூச்சு இல்லாத செங்கல் சுவர் எழுப்பி, கூரைத் தளத்துக்குள் ஓடு வைத்துக் குறைந்த செலவில் வீடு கட்டித் தருகிறது என்றும், கோடையில் அந்த வீடுகளில் வெக்கை குறைவு என்றும் சொல்கிறார். செலவு குறைந்தால் உறுதியும் குறையாதா? நானும் கணவரும் தினம் வேலைக்குப் போகிறவர்கள். மூன்று சென்ட் இடம் இருக்கிறது. நம்பி இறங்கலாமா?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: உங்கள் அண்ணன் சொல்வது காஸ்ட்ஃபோர்டு அமைப்பைப் பற்றியதாக இருக்கலாம். ஊரக மேம்பாட்டுக்கான அறிவியல் தொழில்நுட்ப மையம் என்பது அதன் பெயரின் பொருள். கேரளத்தின் முன்னாள் முதல்வர் சி. அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே. என். ராஜ், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், டி. ஆர். சந்திரதத் ஆகியோர் சேர்ந்து 1985-ஆம் ஆண்டு திருச்சூரில் அதைத் தொடங்கினார்கள். பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். இந்தியாவிலேயே வாழ்ந்து 2007-இல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். வீடு கட்டும் பொருள்களை ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளேயே தேடிக்கொள்ள வேண்டும் என்று காந்தியடிகள் தம்மிடம் சொன்னதாக அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். திருவனந்தபுரத்தில் ‘உள்ளூர்’ என்ற பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைப் பார்த்தால் அவருடைய முறை புரிந்துவிடும்.

உறுதி பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் இங்கே செலவு குறைவதற்குக் காரணம் மட்டமான பொருளன்று. வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டுகிறோம். பேக்கர் பரப்பிய முறையில் கல் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்கப்படுகிறது. வெளிமுகக் கல்லுக்கும் உள்முகக் கல்லுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று அங்குல வெற்றிடம் விட்டு, இரண்டையும் பிணைக்க இடையிடையே குறுக்குக் கல் கொடுக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் எலிப்பொறியைப் போலத் தெரிவதால் ‘ராட் டிராப் பாண்ட்’ என்று பெயர் வந்தது. மற்றபடி எலிக்கும் அந்தச் சுவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம்தான், ஆனால் செங்கல் சுமார் கால் பங்கு மிச்சமாகிறது, கலவையும் குறைகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெளி வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது.

தளத்தில் நடப்பது இன்னும் சுவையானது. பாரம் ஏறும்போது கான்கிரீட் தளத்தின் மேற்பகுதி நெருக்கப்படுகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. கான்கிரீட் நெருக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இழுப்பைத் தாங்கத்தான் கம்பி போடுகிறோம். ஆகவே அடிப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே கிடக்கும் கான்கிரீட், கம்பியைப் பிடித்துக்கொள்ளும் அளவு போக, மீதி வெறும் பாரமே. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளை வைத்துவிட்டு மேலே கான்கிரீட் போட்டால் சிமெண்டும் மிச்சம், தளத்தின் எடை குறைவதால் கம்பியும் மிச்சம். இரண்டு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்தால் நடுவில் சிறைப்படும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். ஒற்றை மாடி வீட்டில் வெயிலின் பெரும் பங்கு தளத்தின் வழியாகவே இறங்குகிறது. பகலெல்லாம் காய்ந்த தளம் இரவு முழுவதும் அனலைக் கக்குவதை நாம் எல்லோருமே அனுபவித்திருக்கிறோம். மாதாமாதம் மின்கட்டணம் கட்டும் குடும்பத்துக்கு, கட்டும்போது மிச்சமாகும் தொகையைவிட இதுவே பெரிய லாபம் என்பது என் எண்ணம்.

சேமிப்பு மின்கட்டணத்தோடும் முடிவதில்லை. செங்கல் சூளையில் வேகிறது. சிமெண்டோ 1,400 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் உருவாகிறது. வேண்டாத செங்கல்லையும் சிமெண்டையும் தவிர்க்கும் வீடு, குடிபுகுவதற்கு முன்பே எரிபொருளை மிச்சப்படுத்திவிடுகிறது.

நம்பி இறங்கலாம், ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. கல் ஒரே அளவாக, விளிம்பு முறியாததாக, நன்றாக வெந்ததாக இருக்க வேண்டும். கோணல் கல்லை வைத்து இந்தச் சுவரைக் கட்டவே முடியாது. அடிவரிசை, சன்னலின் மேல் கீழ் வரிசைகள், தளம் உட்காரும் கடைசி வரிசை ஆகியவற்றை வெற்றிடம் விடாமல் கட்ட வேண்டும். மின்கம்பிக் குழாய் போகும் வழியை முன்பே முடிவு செய்யுங்கள். பிறகு சுவரைக் கொத்தினால் வேலை கெட்டுவிடும். உங்கள் ஊருக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு என்பதால், பூசாத சுவர் நனையாதபடி தளத்தை இரண்டடியாவது வெளியே நீட்டச் சொல்லுங்கள். தளத்தின் கம்பிக் கணக்கைப் பொறியாளரே போட வேண்டும். ‘நாலு ஓடு வைத்தால் போச்சு’ என்று சொல்லும் மேஸ்திரியிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். திருவனந்தபுரத்தை அடுத்த விளப்பில்சாலையில் பேக்கர் பெயரில் வாழிட ஆய்வு மையம் ஒன்று இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்து, இம்முறையில் கட்டிய வீடு ஒன்றில் குடியிருப்பவரிடமும் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: இவ்வளவு நல்ல முறை என்றால் எல்லாப் பொறியாளர்களும் ஏன் இப்படிக் கட்டுவதில்லை? லாபநோக்கற்ற அமைப்புகள் மட்டும் ஏன் செய்கின்றன?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: வடிவமைப்பவரின் ஊதியம் பல இடங்களில் கட்டடச் செலவில் இத்தனை விழுக்காடு என்று பேசப்படுகிறது. செலவைக் குறைக்க மூளையைக் கசக்குகிறவர் தம் ஊதியத்தைத் தாமே குறைத்துக்கொள்கிறார். ஒப்பந்தக்காரருக்கோ, பழகிய ஆள்களைக் கொண்டு வேகமாக முடிப்பதில்தான் ஆதாயம். புது முறையைக் கொத்தனாருக்குக் கற்றுக்கொடுக்கும் நாள்கள் அவருக்கு நட்டம். இவர்கள் யாரையும் குறை சொல்வதற்கில்லை. செலவு குறைவதால் தனக்கு இழப்பில்லை என்ற நிலையில் இருப்பவர்தான் இதைப் பொறுமையாகச் செய்ய முடியும், அந்த இடம் லாபநோக்கற்ற அமைப்புக்கு இயல்பாக அமைகிறது. திருவனந்தபுரம் நகரத்துக்குள் செங்கல்சூளை, கரிமடம் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் காஸ்ட்ஃபோர்டு மாடி வீடுகள் கட்டியது இப்படித்தான். ‘செங்கல்சூளை’ என்ற பெயர் பேக்கருக்குப் பிடித்திருக்கும்!

இதில் ஓர் இடறலும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இந்த முறையில் பொருளுக்குப் போகும் பணம் குறைந்து, கைவேலைக்குப் போகும் பங்கு கூடுகிறது. தொலைதூர ஆலைக்குப் போவதைவிட உள்ளூர்த் தொழிலாளிக்குக் கூலியாகப் போவது நல்லது என்பது பேக்கரின் கருத்து. எனக்கும் அது உடன்பாடே. ஆனால் கொத்தனார் கூலி ஏற ஏற, வீடு கட்டும் குடும்பத்தின் கையில் மிஞ்சுவது சுருங்குகிறது. கூலி குறைவாக இருந்த காலத்தில் சொன்ன சேமிப்புக் கணக்கை இன்று அப்படியே ஒப்பிக்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் ஊர்க் கூலியையும் உங்கள் ஊர்ச் செங்கல் விலையையும் வைத்துப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.

கேள்வி: சுடாத மண் கல்லால் வீடு கட்டலாம் என்கிறார்கள். மழையில் கரையாதா? எங்கள் நிலத்து மண்ணையே பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகி, திண்டிவனம்

பதில்: நல்ல வழிகாட்டி உங்களுக்குப் பக்கத்திலேயே, ஆரோவில்லில் இருக்கிறது. அங்குள்ள மண் கட்டுமான நிறுவனம் 1989-ஆம் ஆண்டு முதல் இந்தத் துறையில் பயிற்சி அளித்து வருகிறது. மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி எடுத்து, நான்கு வாரம் ஈரம் காயாமல் பதப்படுத்தினால் கல் கரையாது. சூளையே வேண்டாம் என்பதால் விறகும் நிலக்கரியும் மிச்சம்.

எல்லா மண்ணும் ஆகாது. பயிர் விளையும் மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அதற்குக் கீழே உள்ளதை எடுக்க வேண்டும். மணற்பாங்கான மண்ணுக்குச் சிமெண்ட் பொருந்தும், களி மிகுந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு பொருந்தும். ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசலில் இறங்காமல் இருப்பதே நல்லது. கண்ணாடிப் புட்டி ஒன்றில் கால் பங்கு மண்ணும் மீதித் தண்ணீரும் விட்டு, நன்றாகக் குலுக்கி, ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். அடியில் மணலும் அதன்மேல் வண்டலும் களியும் அடுக்கடுக்காகப் படியும். இது முதல் அறிகுறி மட்டுமே; அடுக்குகளை அளந்து குறித்துக்கொண்டு, ஒரு பை மண்ணோடு ஆரோவில்லுக்குப் போய் விசாரியுங்கள்.