கால்நடைப் பட்டிக்கு வரும் வேட்டையாடும் விலங்குகளைக் கொல்லாமல் தடுப்பது: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இரவில் மின்னும் விளக்குகள் வேட்டை விலங்குகளை உண்மையிலேயே விரட்டுமா?

பதில்: எந்த விலங்கு வருகிறது என்பதைப் பொறுத்தது. சிலி நாட்டின் உயர்நிலங்களில் லாமா, அல்பாக்கா (ஒட்டக இன வளர்ப்பு விலங்குகள்) மந்தைகளைச் சுற்றி ஒழுங்கின்றி மின்னும் விளக்குகளை வைத்துச் சோதித்தபோது, பூமாக்கள் (பெரிய காட்டுப் பூனை இனம்) விலகிப் போயின. ஆண்டீஸ் நரிகள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. யாரோ விளக்கோடு நடமாடுகிறார்கள் என்ற ஐயத்தை உண்டாக்குவதே இக்கருவியின் வேலை என்பதால், ஒரே இடத்தில் ஆண்டு முழுவதும் எரியவிட்டால் விலங்குக்குப் பழகிவிடும். ஆபத்துள்ள காலத்தில் மட்டும் எரியவிட்டு, இடத்தையும் மாற்றிக்கொண்டிருங்கள்.

கேள்வி: வேலிக்கு வீட்டு மின்சாரத்தையே இணைத்தால் செலவு குறையுமே?

பதில்: கூடவே கூடாது. ஆளும் சாகலாம், மாடும் சாகலாம். வேலிக்கென்றே உள்ள எனர்ஜைசர் என்ற கருவி, ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய துடிப்பாக மின்சாரத்தை அனுப்புவதால்தான் மின்னடி உயிரைப் பறிக்காமல் வலியோடு நிற்கிறது. எர்த் கம்பி சரியாகப் பதியாவிட்டாலோ, கம்பியில் புல் படர்ந்தாலோ அந்த அடியும் வலுவிழக்கும்.

கேள்வி: எந்த விளக்கு வாங்கலாம்?

பதில்: ஒழுங்கின்றி மின்னுவதை. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மாட்டின் பின்புறத்தில் கண் வரைவது மூடநம்பிக்கை அல்லவா?

பதில்: அல்ல. சிங்கம், சிறுத்தை போலப் பதுங்கிப் பாயும் விலங்கு, தன்னை இரை பார்த்துவிட்டது என்று எண்ணினால் பெரும்பாலும் வேட்டையைக் கைவிடும். போட்ஸ்வானாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், கண் வரையப்பட்ட 683 மாடுகளில் ஒன்றுகூட அத்தகைய விலங்குகளுக்குப் பலியாகவில்லை. எதுவும் வரையாத 835இல் 15, ஒப்பீட்டுக்காகச் சிலுவைக் குறி இட்ட 543இல் 4 பலியாயின.

மறுகேள்வி: வரையாதவற்றிலும் இழப்பு இரண்டு சதவீதத்துக்குக் குறைவுதானே? தற்செயலாக இருக்கலாமே?

பதில்: அதே விகிதம் என்றால் 683 மாடுகளில் சுமார் 12 பலியாகியிருக்க வேண்டும், ஒன்றுமே இல்லாததைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. சிலுவைக் குறியோடு ஒப்பிட்டால் மட்டும் வேறுபாடு அவ்வளவு அழுத்தமானதல்ல. எனக்குள்ள ஐயம் வேறு: அங்கே ஒரே மந்தையில் வரைந்தவையும் வரையாதவையும் கலந்து மேய்ந்தன. எல்லா மாடுகளுக்கும் வரைந்துவிட்டால், வேறு இரை கிடைக்காத சிங்கம் அப்போதும் விலகுமா என்பதை அந்த ஆய்வு சோதிக்கவில்லை.

கேள்வி: சைரனை இரவு முழுவதும் ஒலிக்கவிடலாமா?

பதில்: பழகிவிடும் என்று மேலே சொன்னது ஒலிக்கும் பொருந்தும். விலங்கு நெருங்கும்போது மட்டும் உணரி (சென்சார்) வழியே ஒலிக்கட்டும்.

கேள்வி: சிறுத்தை வேலியில் ஏறிக் குதிக்கிறது. எந்தக் கருவி வைப்பது?

பதில்: கருவிக்கு முன் பட்டிக்கு மேலேயும் உறுதியான கம்பி வலை அடியுங்கள், கதவடியிலுள்ள இடைவெளியையும் அடைத்துவிடுங்கள்.