‘காத்துல ஓடுது, ஆவியில நிக்குது’: நீராவி என்ஜின் கேள்வி-பதில்

பாளையங்கோட்டையில் என் வீட்டுக் கொல்லையில் ஓடுவது பொம்மை என்ஜின் இல்லை. சிலிண்டரின் உள்விட்டம் (போர்) 75 மி.மீ., பிஸ்டன் ஒரு முறை நகரும் தூரம் (ஸ்ட்ரோக்) 100 மி.மீ. தென்னைக்குத் தண்ணீர் இறைக்கிற சின்னப் பம்பு ஒன்றை அதனோடு கோத்திருக்கிறேன். அதைப் பார்த்தவர்களும் கேள்விப்பட்டவர்களும் அனுப்பியவற்றில் சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி, காயலான் கடையில் வீட்டு கேஸ் சிலிண்டர் ஒன்று கிடைத்தது. அதைச் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தத்தில் சோதித்திருப்பார்களாம். எனக்கு 5 கிலோதான் வேண்டும். பாய்லராக வைத்துக்கொள்ளலாமா? (அம்பாசமுத்திரம்)

வேண்டாம் தம்பி. 25 கிலோ என்பது குளிர்ந்த நிலையில், துளை எதுவும் போடாத சிலிண்டருக்குச் செய்த சோதனை. நீங்கள் அதில் நாலு இடத்தில் ஓட்டை போட்டு வெல்டிங் வைத்து, அடியில் தீயும் மூட்டப்போகிறீர்கள். அந்த மெல்லிய தகட்டில் உள்ளே துரு, வெளியே தீ என்றால் எத்தனை நாள் தாங்கும்? இதுபோக, 14.2 கிலோ சிலிண்டரின் தண்ணீர்க் கொள்ளளவு 33.3 லிட்டர். 25 லிட்டரைத் தாண்டி, அழுத்தமும் ஒரு கிலோவுக்கு மேல் போனால் கொதிகலன் சட்டம் வந்துவிடும். 1923-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025-இல் புதியது வந்தபோதும் இந்த வரம்பு மாறவில்லை. ஆய்வாளர் வராமல் தீ மூட்டக் கூடாது.

என் பாய்லர் 25 லிட்டருக்குள் அடங்கியது. அதற்காக நான் அசட்டையாக இருந்துவிடவில்லை. 5 கிலோ அழுத்தத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 159 டிகிரியில் கிடக்கும். அந்த நேரம் தகடு கிழிந்தால் 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோவுக்கு மேல் அந்த நொடியே ஆவியாகி 1,800 லிட்டர் இடம் கேட்கும். கொல்லையில் அவ்வளவு இடம் இருக்கும்தான், ஆனால் நடுவில் நாம் நிற்போமே. அதனால் என்ஜினை நானே கடைந்தாலும், பாய்லர் வெல்டிங்கை மட்டும் அதற்கென்று சான்றிதழ் வாங்கிய ஆளிடம் கொடுத்தேன். அப்புறம் உள்ளே காற்றே இல்லாமல் பச்சைத் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் 10 கிலோ வரை ஏற்றி அரை மணி நேரம் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் அமுங்காது. அதனால் எங்காவது விட்டுப்போனாலும் கசிவதோடு சரி. காற்றை ஏற்றிச் சோதிப்பது கோட்டித்தனம்.

என் என்ஜின் பஞ்சர் கடைக் கம்பிரஸரில் சும்மா பறக்கிறது. நீராவி கொடுத்தால் ஐந்தே நிமிடத்தில் இறுகி நின்றுவிடுகிறது. ஆறினால் மறுபடி சுற்றுகிறது. வார்ப்பிரும்பு லைனர் (சிலிண்டரின் உள்சுவர்), அலுமினியப் பிஸ்டன், இடைவெளி 0.05 மி.மீ. (சங்கரன்கோவில்)

பதிலும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 75 மி.மீ. அலுமினியம் 120 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.2 மி.மீ. விரியும், வார்ப்பிரும்பு அதில் பாதிதான் விரியும். ஆக நீங்கள் விட்ட இடைவெளியைப் போல இரண்டு மடங்கு இடத்தைப் பிஸ்டனே தின்றுவிடுகிறது. பிஸ்டனையும் வார்ப்பிரும்பிலேயே கடைந்து ரிங் போடுங்கள். அலுமினியம்தான் வேண்டும் என்றால் 0.2 வரை இடைவெளி விட்டு, அடைக்கிற வேலையை ரிங்கிடம் விடுங்கள்.

கம்பிரஸர் காற்று இன்னொன்றையும் மறைத்துவிடும். குளிர்ந்த சிலிண்டருக்குள் போன ஆவி தண்ணீராகிவிடும். முதல் நாள் அவசரத்தில், அந்தத் தண்ணீரை வெளியே விடும் டிரெயின் காக் என்ற திருகுகளைத் திறக்காமலே வால்வைத் திருப்பினேன். பிஸ்டன் முக்கால் தூரம் போய் ‘டொக்’ என்றது. சிலிண்டர் மூடியின் கேஸ்கட் பிதுங்கி, வெந்நீர் என் கைலியில் அடித்தது. மூடி விரிசல் விடாமல் போனது என் நல்ல நேரம். இப்போது இரண்டு டிரெயின் காக்குகளையும் திறந்துவைத்து, தண்ணீர் துப்புவது நின்று காய்ந்த ஆவி வரும் வரை ஃப்ளைவீலைக் கையாலேயே மெதுவாக உருட்டுகிறேன். எண்ணெயும் முக்கியம். சாதாரண என்ஜின் ஆயிலை ஆவி கழுவிக்கொண்டு போய்விடும், நீராவி சிலிண்டருக்கென்று விற்கிற கெட்டி எண்ணெயே வேண்டும்.

என்ஜின் நொண்டுகிறது. ஒரு பக்கம் ‘டப்’ என்கிறது, மறுபக்கம் ‘புஸ்’ என்கிறது. வால்வை ஆட்டும் எக்சென்ட்ரிக்கை எவ்வளவு திருப்பியும் சரியாகவில்லை. (மேலப்பாளையம்)

எக்சென்ட்ரிக்கைத் திருப்பி அந்த நொண்டல் போகாது. அதைத் திருப்பினால் பிஸ்டனின் இரண்டு பக்கத்துக்கும் போகிற ஆவி சேர்ந்தே முந்தும், அல்லது சேர்ந்தே பிந்தும். பக்கத்துக்குப் பக்கம் உள்ள வித்தியாசம் வால்வு ராடின் (வால்வைத் தள்ளி இழுக்கும் கம்பியின்) நீளத்தில் இருக்கிறது. வால்வுப் பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள். கிராங்கைச் சுற்றிப் பிஸ்டனை ஒரு முனைக்குக் கொண்டுபோய், ஆவித் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். மறுமுனையிலும் அதே மாதிரி. வித்தியாசத்தில் பாதியை வால்வு ராடு நட்டால் நகர்த்துங்கள். இரண்டும் சமமான பிறகு எக்சென்ட்ரிக்கைத் தொடலாம்.

முனையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அந்த இடத்தில் கிராங்க் பத்து டிகிரி சுற்றினாலும் பிஸ்டன் அசைந்தது தெரியாது. முனைக்கு முன்னும் பின்னும் பிஸ்டன் ஒரே இடத்துக்கு வருகிற மாதிரி வைத்து, ஃப்ளைவீல் விளிம்பில் இரண்டு சாக்பீஸ் கோடு போடுங்கள். அவற்றின் நடுவே சரியான முனை இருக்கும்.

இதை வைத்து வீட்டுக்குக் கரண்ட் எடுக்க முடியுமா? (வள்ளியூர்)

சிலிண்டரில் சராசரி 2 கிலோ அழுத்தம், நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் கணக்குப்படி 1.2 குதிரைத்திறன் வரும். தேய்மானம் போக டைனமோவில் 450 வாட் கிடைத்தால் பெரிது. அதற்கு மணிக்கு ஏழு கிலோ காய்ந்த உடைமர விறகு தின்னும். அரை யூனிட்டுக்கு ஏழு கிலோ! உங்கள் ஊரில் வானம் மறைய காற்றாலை நிற்கிறதே, அப்புறம் என்ன?

பாய்லரில் போர்வெல் தண்ணீர் ஊற்றலாமா? (திசையன்விளை)

கூடாது. உப்பு ஏறினால் தண்ணீர் நுரைத்து என்ஜினுக்குள் வரும், குழாயில் கல் மாதிரி படியும். ஓட்டு வீடாக இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தாமிரபரணிக்காரர்கள், அதில் கொஞ்சம் கொடுத்துவைத்தவர்கள். ஆனாலும் மாதம் ஒருமுறை பாய்லரைக் கழுவத்தான் செய்கிறேன்.

ஒய்.பி. என்ற மீட்டர்கேஜ் நீராவி ரயில் என்ஜினில் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு அழுத்தம் வைத்து ஓட்டியவன் நான். நீங்கள் 5 கிலோவுக்கு இவ்வளவு பயப்படுகிறீர்களே? (செங்கோட்டை, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்)

ஐயா, 210 பவுண்டு என்றால் 14 கிலோவுக்கும் மேல். அந்த பாய்லருக்குக் கழுவ, தட்டிப் பார்க்க, நாள் குறித்துச் சோதிக்க ஒரு ஷெட்டே இருந்தது. தண்ணீர் இறங்கினால் உருகித் தீயை அணைக்க ஈயத் தக்கையும் இருந்தது. இங்கே ஃபயர்மேன், ஃபிட்டர், இன்ஸ்பெக்டர் எல்லாம் நான் ஒருவன்தான். என் பாய்லருக்கு இன்னும் அந்தத் தக்கை வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தீ மூட்டுவேன். ஒரு நடை வந்து அதை எங்கே வைக்கலாம் என்று பார்த்துச் சொன்னால் நல்லது.